கலவை மால்ட் ஸ்காட்ச்: வெயில் நாட்டில் ருசியறியும் முறை

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, நொதிக்க வைத்து, செப்பு வாலைகளில் இருமுறை வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்துப் பக்குவப்படுத்திய ஒரு குளிர்நாட்டுப் பானத்தை, சித்திரை வெயில் 40 பாகையைத் தொடுகின்ற அரியலூர்ச் சீமையில், சுண்ணாம்புப் பாறையின் மேல் குடியிருக்கும் நாம், அதன் குணம் கெடாமல் எவ்வாறு ருசிப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயமாகும். மேல்நாட்டு நூல்கள் விதிக்கும் முறை மேல்நாட்டு அறைக்கும் மேல்நாட்டுத் தண்ணீருக்கும் பொருத்தமானது. கல்லங்குறிச்சியில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறவருக்கு நாசியில் ஏறும் சாராய நெடியும் தொண்டையில் இறங்கும் எரிச்சலுமே மிஞ்சும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் என்ன விசேஷம் இருக்கிறது என்று அவர் கேட்பதும் நியாயமாகவே படும். குறை பானத்திலும் இல்லை, அவருடைய நாக்கிலும் இல்லை. சூட்டிலும் தண்ணீரிலும்தான் இருக்கிறது. அவ்விரண்டையும் சரிசெய்துகொண்டால், பிற்பாடு வேண்டியது நிதானம் ஒன்றே.

முதலில் புட்டியின் மேலொட்டிய சீட்டை வாசிக்கப் பழக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் ஸ்காட்லாந்து நாட்டு விஸ்கியை ஐந்து வகையாகப் பிரித்திருக்கின்றன. ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியைக் கொண்டு மட்டுமே வடித்தது சிங்கிள் மால்ட். ஒன்றுக்கு மேற்பட்ட வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டுகளைச் சேர்த்தது பிளெண்டட் மால்ட், அதாவது நாம் இங்கே கலவை மால்ட் என்று குறிப்பிடுவது. மால்ட்டோடு பிற தானியங்களில் வடித்த கிரெய்ன் விஸ்கியையும் சேர்த்தது வெறும் பிளெண்டட். எஞ்சிய இரண்டும் கிரெய்ன் விஸ்கியின் வகைகளாதலால் அவை இப்போது நமக்கு வேண்டுவதில்லை. பிளெண்டட் என்ற சொல்லை மாத்திரம் பார்த்து, மால்ட் என்ற சொல் அதனோடு சேர்ந்திருக்கிறதா என்று கவனிக்காமல் வாங்கிவிடுவது நம்மவரிடையே சாதாரணமாக நிகழ்கிறது. முன்னாளில் வேட்டட் மால்ட் என்றும் பியூர் மால்ட் என்றும் வழங்கிய பெயர்களை இவ்விதிகள் விலக்கிவிட்டபடியால், பழைய நூல்களில் அப்பெயர்களைக் காண்பவர் பெரும்பாலும் இதே வகை என்று கொள்ளலாம். எவ்வகையானாலும் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். வலிமை 40 சதவீதத்துக்குக் குறையலாகாது. வயது குறித்திருந்தால் அது கலவையிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயதாகவே இருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு என்று பொறித்த புட்டியில் இருபது ஆண்டு முதிர்ந்ததும் கலந்திருக்கக்கூடும்; பதினான்கு ஆண்டுச் சரக்கு ஒரு துளியும் இருக்க இயலாது.

எடின்பரோ வணிகர் ஆண்ட்ரூ அஷர் 1853 அளவில் 'ஓல்டு வேட்டட் கிளென்லிவெட்' என்ற பெயரில் ஒரு கலவை விஸ்கியை விற்கத் தொடங்கியதே கலக்கும் கலைக்கு ஆரம்பம் என்பர். அதன்பின் 1860-ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்துமுன் கிடங்கிலேயே பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்துகொள்ள இடமளித்ததும், கலவைத் தொழில் பெருகிற்று. அன்று முதல் இன்றுவரை கலவைக்காரனுடைய கருவி அவனுடைய மூக்குதான். அவன் நாள்தோறும் பரிசோதிக்கும் மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவற்றை வாயில் விடுவதே இல்லை. தண்ணீர் சேர்த்து ஏறக்குறைய 20 சதவீத வலிமைக்குக் குறைத்து, முகர்ந்து பார்த்தே முடிவு செய்கிறான். அதிகமாகக் குடிப்பவன் அதிகமாக அறிந்தவன் என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறதே, அதற்கு இதைவிடச் சிறந்த மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

நம்மிடையே விஸ்கி என்ற பெயரில் பெரும்பாலும் விலைபோவது எது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரும்பாலையில் சர்க்கரை பிரிந்த பின் எஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் சிறிதளவு மால்ட்டும் நிறமும் வாசனையும் சேர்த்தது அது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் ஆலைப் பக்கம் அரைவைக் காலத்தில் போய்வந்தவர் மொலாசஸின் கனத்த வாசனையை அறிவர். தானியத்திலிருந்து பிறவாத அப்பானத்தை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. சோடாவையும் பனிக்கட்டியையும் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் அந்தச் சரக்கோடு வளர்ந்தது. 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவி, 1971 வரை நீடித்த மதுவிலக்கின் காலத்தில், குடிப்பவன் ஒளிந்தும் அவசரமாகவும் குடித்தான் என்பதும் அப்பழக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காரணம் எதுவாயினும், அந்த அவசரத்தைக் கலவை மால்ட்டின் முன் கொண்டுவந்தால் பணமும் பானமும் விரயமாகும்.

மால்ட் என்பது நமக்கு அந்நியமான வஸ்துவன்று. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, அரைத்து வைக்கிறோமே, அதையே ஸ்காட்லாந்தில் பார்லிக்குச் செய்கிறார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் பிறக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தயாராகின்றன. அச்சர்க்கரையைப் பின்னர் ஈஸ்ட் சாராயமாக்குகிறது. நல்ல மால்ட் விஸ்கியின் அடியில் முளைகட்டிய மாவின் இனிய, சற்றே வறுபட்ட வாசனை எப்போதும் இருக்கும். அதைத் தேடுபவர் தம் வீட்டு மாவு டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு வந்து உட்காருவது நல்ல அப்பியாசமாகும்.

இனிச் சூட்டைப் பற்றி. விஸ்கியை முகர உகந்தது ஏறத்தாழ 20 பாகை வெப்பம். 40 பாகையில் ஆல்கஹாலின் ஆவியழுத்தம் 20 பாகையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. ஆகையால் கிண்ணத்தின் வாயில் முதலில் வந்து நிற்பது அந்த நெடியே. பழமும் தேனும் மரமும் அதன் பின்னால் மறைந்துவிடுகின்றன. இதற்குப் பரிகாரமாகப் பனிக்கட்டியைப் போடுவது உசிதமன்று. பனிக்கட்டி நெடியோடு வாசனையையும் அடக்கி, நாக்கையும் மரக்கச் செய்து, உருக உருகத் தண்ணீரின் அளவையும் நம் கைவசமில்லாமல் ஆக்கிவிடும். புட்டியை ஈரத் துணியால் சுற்றி, சன்னலோரக் காற்றில் அரைமணி நேரம் வைத்தால் போதிய அளவு குளிரும். வெறுங்கிண்ணத்தைச் சற்று நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பதும் நன்று. பகலில் இதை முயலவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களின் முன்னிரவு இதற்கென்றே அமைந்ததைப் போன்றது. கோடையில் செய்தே தீரவேண்டுமானால் இரவு வெகுநேரம் கழித்துச் செய்யலாம். புட்டியை வைக்கும் இடமும் முக்கியம். வெயில் விழாத, சுவர் சுடாத அலமாரியில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் வலிமையான திரவம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய புட்டியில் காற்று நிறைந்து வாசனை மங்கத் தொடங்குவதால், நம் தட்பவெப்பத்தில் அதைச் சிறிய புட்டிக்கு மாற்றிவைப்பது புத்திசாலித்தனம்.

தண்ணீரின் விஷயம் இதைவிடச் சூக்ஷ்மமானது. கல்லங்குறிச்சிக்காரர் மற்றவரைவிட இதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். பூகர்ப்ப சாஸ்திரிகள் கல்லங்குறிச்சிப் படிவம் என்று இவ்வூரின் பெயராலேயே அழைக்கும் சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகியது. சிமெண்டு ஆலைகள் இந்தச் சீமையைத் தேடி வந்ததும் இப்பாறைக்காகவே. அத்தகைய பாறையினூடே ஊறி வரும் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் சுண்ணாம்பு உப்புக்களைச் சுமந்து வருகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிவது அதுதான். விஸ்கியில் அந்நீரைச் சேர்த்தால், அதன் காரத்தன்மை பானத்தின் மெல்லிய புளிப்பைச் சமன்படுத்தி, பழவாசனையின் கூர்மையை மழுங்கச் செய்து, நாக்கில் ஒருவிதச் சுண்ணச் சுவையை விட்டுச்செல்கிறது. கொள்ளிடத்துக் குழாய்நீர் கிடைப்பவர், குளோரின் வாசனை போகும்படி ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. இரண்டும் இல்லையேல் கேன் தண்ணீரே போதுமானது.

கடின நீரெல்லாம் விஸ்கிக்கு விரோதி என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் பெரும்பாலான வடிசாலைகள் மென்னீரைக் கொண்டு தொழில் செய்தாலும், டெய்ன் நகரருகே உள்ள கிளென்மோரஞ்சி வடிசாலை டார்லோகி ஊற்றின் கனிம உப்பு மிகுந்த கடின நீரையே பயன்படுத்தி, மிக நேர்த்தியான மால்ட்டைத் தருகிறது. நொதிக்கும் ஊறலில் சேரும் நீர் வேறு. வடித்து முதிர்ந்து முடிந்த பானத்தில் நாம் கடைசியாகச் சேர்க்கும் நீர் வேறு.

நீரை எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று சிலர் ரோஷத்தோடு கேட்பதுண்டு. 2017-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ஆகிய இருவர் கணினியில் மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டுப் பார்த்து வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது: விஸ்கியின் புகைவாசனைக்குக் காரணமானவற்றுள் ஒன்றாகிய குவாயக்கால் என்னும் பொருள், வலிமை மிக்க சாராயத்தில் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது, நீர் சேர்ந்து வலிமை 45 சதவீதம் அளவுக்கோ அதற்குக் கீழோ குறையும்போது மேற்பரப்பை நாடி வருகிறது. மேலே வந்தால்தானே நாசிக்கு எட்டும்? ஆகவே துளித்துளியாக, ஒவ்வொரு முறையும் முகர்ந்துகொண்டே, சேர்த்துச் செல்ல வேண்டும்.

கிண்ணம் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். அகன்ற வாய் டம்ளர் வாசனையை எல்லாத் திசையிலும் சிதறவிட்டுவிடும். 15 மில்லி ஊற்றினால் தாராளம்; கடையில் சின்னப் பெக் என்று அளக்கும் 30 மில்லியில் இது பாதி. அறையில் ஊதுவத்தி கூடாது. மல்லிகைச் சரம், நெற்றியில் தடவிய தைலம், சற்றுமுன் மென்ற வெற்றிலை, அடுக்களையில் பொரியும் மீன் ஆகிய யாவும் தத்தம் அளவில் நல்லவையே ஆயினும் இந்த நேரத்துக்குப் பகைவர். ஊற்றியவுடன் குனிந்து முகராமல், ஐந்து பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு வாயைச் சற்றே திறந்தபடி, கிண்ணத்தை முகவாய்க்கு அருகில் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்து, எந்த உயரத்தில் நெடி இல்லாமல் வாசனை மாத்திரம் வருகிறதோ அந்த உயரத்தில் நிறுத்த வேண்டும். ஆழமாக இழுக்க வேண்டாம். சிறு சிறு மூச்சுகள் போதும். நாசி களைத்துவிட்டதாகத் தோன்றினால் தன் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துகொண்டு மீண்டும் தொடங்கலாம்.

இப்போது என்ன தெரிகிறது? மேல்நாட்டு நூல்களில் உள்ள ஹெதர் மலரையும் கூஸ்பெரியையும் தேடித் திகைக்க வேண்டியதில்லை. நம் நாசிக்கு வாழ்நாள் முழுவதும் கல்வியளித்த வாசனைகளைக் கொண்டே எல்லாவற்றையும் அடையாளம் காணலாம். நீண்ட நொதிப்பில் பிறக்கும் எஸ்டர்கள் என்னும் வாசனைப் பொருள்கள், கனிந்த பூவன் பழத்தையும் பண்ருட்டிப் பலாச்சுளையையும் ஞாபகப்படுத்தும். அமெரிக்க ஓக் மரம் வனிலாவையும் துருவிய தேங்காயின் இனிமையையும் தரும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் உலர்ந்த திராட்சையையும் கிராம்பையும் தரும். கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாள் சந்நிதித் தீர்த்தத்தில் துளசியையும் பச்சைக்கர்ப்பூரத்தையும் வேறு வேறாக உணர்ந்து பழகிய நாசிக்கு, நான்கு மால்ட்டுகள் கூடிய கலவையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது எட்டாத வித்தையன்று. தோன்றியதைத் தோன்றிய சொல்லிலேயே ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. பிறருடைய சொல்லைக் கடன் வாங்கினால் பிறருடைய வாசனைதான் தெரியும்.

புகைவாசனையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. சில வடிசாலைகள் முளைப்பயிரைப் பீட் என்னும் சதுப்புக் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் உலர்த்துகின்றன. செடிகொடிகள் நீரில் மட்கிப் பாதி கரியாகிய நிலையே பீட். அது பூமிக்குள் இன்னும் நெடுங்காலம் புதைந்து அழுந்தினால் பழுப்பு நிலக்கரியாகும். நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படுவதும், நம் ஜெயங்கொண்டத்தின் அடியில் படிந்து கிடப்பதும் அப்பழுப்பு நிலக்கரியே. பீட்டோ நீலகிரியின் உயர்ந்த சதுப்புகளில் காணக் கிடைக்கிறது. அதன் புகை, அறுவடை முடிந்த வயலில் ஈரத் தாள் புகைவதையும் மருத்துவமனை வாசனையையும் ஒருங்கே நினைவூட்டுமாதலால், முதன்முறை முகர்பவர் முகம் சுளிப்பது இயல்பு. உடனே விலக்கிவிடாமல் மூன்று நான்கு தடவையாவது அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டுகிறேன்.

அதன் பிறகே வாய். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, நாவின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, உமிழ்நீர் கலந்து எரிச்சல் தணியும்வரை வைத்திருந்து விழுங்கியபின், வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டால், முன்பு முகர்ந்தவை வேறு வரிசையில் திரும்பி வரும். கலவை மால்ட்டின் சிறப்பு விளங்குவது இந்த வரிசையில்தான். சிங்கிள் மால்ட்டில் ஒரு குணம் மேலோங்கி நின்று, போகப் போக மெலியும். நல்ல கலவையில் ஒன்று ஒதுங்கி மற்றொன்றுக்கு வழிவிடுவதும், முடிவில் எல்லாம் சேர்ந்து நீண்ட நேரம் நிற்பதும் காணலாம். அது தற்செயலாக நேர்வதன்று. இன்ன வடிசாலைச் சரக்கு இன்ன அளவு என்று ஒரு மனிதன் சிந்தித்துச் செய்த ஏற்பாடு. அவனுடைய ஏற்பாட்டைப் படிப்பதே கலவை மால்ட்டை ரசிப்பது.

படிப்பதற்குச் சுலபமான மார்க்கம் தானே கலந்து பார்ப்பது. புகையில்லாத மென்மையான மால்ட் ஒன்றையும் புகை மிகுந்த மால்ட் ஒன்றையும் வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் கிடைக்கும் சிரிஞ்சால் முன்னதில் 19 மில்லியும் பின்னதில் 1 மில்லியும் அளந்து ஒரு சிறு புட்டியில் அடைத்து, ஒரு நாள் ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். இருபதில் ஒரு பங்கு புகை இவ்வளவு தூரம் பரவுமா என்று வியப்பீர்கள். அளவை மெல்ல மெல்ல மாற்றிக் கொண்டுபோனால், எந்த இடத்தில் மென்மையான மால்ட் தன் குரலை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். பத்துப் புத்தகம் வாசிப்பதைவிட இந்த ஓர் அப்பியாசம் மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எதை வாங்குவது என்று கேட்பவருக்கு இரண்டைச் சொல்லலாம். வில்லியம் கிராண்ட் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட மங்கி ஷோல்டர், வனிலாவும் பழமும் மிகுந்த, புகை அநேகமாக இல்லாத, சாதுவான கலவை. முளைப்பயிரை நாள் முழுவதும் மண்வாரியால் புரட்டிய தொழிலாளிகளுக்கு வந்த தோள்வலியின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஜானி வாக்கர் கிரீன் லேபிள் 15 ஆண்டு முதிர்ந்து 43 சதவீத வலிமையுள்ளது. டாலிஸ்கர், கால் ஈலா, கிராகன்மோர், லிங்க்வுட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. கடலோரத் தீவுகளின் புகையும் ஸ்பேசைடு வட்டாரத்தின் பழமும் இதில் தனித்தனியே தெரிவதால், படிக்க விரும்புகிறவருக்கு இதுவே சிறந்தது என்பது என் தீர்ப்பு. ஸ்காட்ச்சுக்கு இந்தியா விதித்து வந்த 150 சதவீதச் சுங்கத்தை முதலில் 75 ஆகவும் பத்தாவது ஆண்டில் 40 ஆகவும் குறைப்பதற்கு 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்டிருக்கின்றன. எனினும் ஒரு புட்டியை நண்பர் நால்வர் பங்கிட்டு வாங்குவதே எந்நாளும் சிக்கனம். துணைக்கு ஆண்டிமடத்து முந்திரிப் பருப்பை உப்பில்லாமல் வறுத்து வைத்துக்கொள்ளலாம், காரம் கூடாது.

முத்திரை உடையாத புட்டியை டாஸ்மாக் கடையிலோ அதன் எலைட் கடையிலோ ரசீதோடு வாங்குவதைத் தவிர வேறு வழியில் வரும் எதையும் ருசிபார்க்கத் துணிய வேண்டாம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்திலிருந்த மெத்தனாலை எவ்வளவு தேர்ந்த நாசியாலும் நாவாலும் நம்பகமாகக் கண்டுபிடிக்க இயலாது. 21 வயது நிரம்பாதவரும், கர்ப்பிணிகளும், ஈரல் நோயுள்ளவரும், தொடங்கினால் நிறுத்த முடியாதவரும் இந்த அத்தியாயத்தை வாசிப்பதோடு நிற்க வேண்டும். மதுவில் உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 15 மில்லி என்று நான் வரையறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த 15 மில்லி உள்ளே போன இரவில் இருசக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகின்ற அரியலூர்ச் சாலைகளில் முழு நிதானத்தோடு போவதே கடினமாக இருக்கிறது.